கத்தி நிற்கிற புத்தகம்

சிலுவையம்மாள் வீட்டில் உப்பு இன்னாசியிடம் இருந்தது. புளி மரியதங்கத்திடம். கடுகும் வெந்தயமும் வின்ச் டிரைவர் அந்தோணியிடம். ராயபுரத்தில் அந்தத் தெருவில் யாராவது இறந்துபோனால், முப்பதாம் நாள் பூசை முடிந்து, சாப்பாடு போட்டு, வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா கொடுத்து அனுப்புவார்கள். மூடியில் இறந்தவர் பெயரும் தேதியும் பொறித்திருக்கும். தெருவில் பல வருஷம் குடியிருந்தால் அடுக்களை அலமாரி கல்லறைத் தோட்டம் மாதிரி ஆகிவிடும்.

"யாராச்சும் இன்னாசியைக் கூப்டுங்க, ரசத்துல உப்பு பத்தல" என்று சிலுவையம்மாள் குரல் கொடுத்தபோது, கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் மருமகள் ஜானட் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது அந்த வீட்டில் வழக்கமானது.

சிலுவையம்மாளுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் இந்த டப்பா பேச்சுதான். பக்கத்தில் மகள் டெபோராவும் மகன் ஜெரியும் இருந்தார்கள்.

"எனக்கு டப்பா குடுக்காதீங்க. என்னை எவளாவது பெருங்காயம் போட்டு வெப்பா."

"சும்மா இரும்மா" என்றான் ஜெரி.

"டப்பா வேணாம். புக்கு குடுங்க. வூட்டுக்கு ஒண்ணு. புள்ளைங்களும் பெருசுங்களும் ஒண்ணா குந்திப் படிக்கிற மாதிரி."

"எந்த புக்கும்மா?" என்று கேட்டாள் டெபோரா.

"கத்தி நிக்கிற புக்கு."

எது அது என்று டெபோரா கேட்பதற்குள் நர்ஸ் வந்தாள். அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அப்புறம் இல்லை.

கத்தி நிற்கிற புத்தகம் என்றால் என்னவென்று காசிமேட்டில் மீன் வெட்டும் எல்லாருக்கும் தெரியும். படகு இன்ஜின் மெக்கானிக்காக இருந்த கணவர் அலெக்ஸாண்டர் காமாலையில் போனபிறகு, சிலுவையம்மாள் துறைமுக வாசலில் ஒரு மரக்கட்டையும் கத்தியும் குடையும் வைத்து உட்கார்ந்தாள். உள்ளே ஏலத்தில் மீன் வாங்கி வருகிறவர்களுக்குச் செதில் சீவி, குடல் எடுத்து, துண்டு போட்டுக் கொடுப்பது வேலை. ஞாயிற்றுக்கிழமை என்றால் பெரம்பூரிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். பிள்ளைகளுக்கு நாற்றம் பிடிக்காது. ஒன்று அழும், ஒன்று ஓடும், ஒன்று கத்தியிடமே வரும்.

பிள்ளைகளை ஓர் இடத்தில் நிறுத்தத்தான் சிலுவையம்மாள் பழைய பேப்பர் கடை ஞானத்திடமிருந்து படம் போட்ட புத்தகங்களை வாங்கி வந்தாள். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் குடைக்கம்பியில் மாட்டினாள். ஐந்தாவது வரை படித்தவள். ஆனால் வேலை நேரத்தில் கையெல்லாம் செதிலும் ரத்தமும். அதனால் படிக்கிற வேலை வாடிக்கையாளருடையது.

"வஞ்சிரம் வெட்ற வரைக்கும் சும்மாத்தானே நிக்கப் போறே? பாப்பாவுக்குப் படிச்சுக் காட்டு. சத்தமா படி, எனக்கும் கேக்கணும்."

படித்தார்கள். அப்பாக்கள் முதலில் கூச்சப்படுவார்கள். பக்கத்தில் கண்டெய்னர் லாரி ஹாரன் அடிக்கும்போது நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவார்கள். சிலுவையம்மாளின் கத்தி அது பாட்டுக்கு ஓடும். என்றைக்காவது ஒரு நாள், ஒரு பக்கத்தில், கத்தி தானாக நின்றுவிடும். அவள் தலையைத் தூக்கி, "அப்புறம்?" என்பாள். அந்தப் புத்தகம் பாஸ். பையில் தங்கும். கேட்கிற குடும்பத்துக்கு வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது அதில் அந்த வீட்டு மசாலா வாசனை அடிக்கும். கத்தி நிற்காத புத்தகம் ஞானம் கடைக்கே திரும்பிப் போகும். தோற்ற புத்தகத்திலும் அவள் மீன் மடித்ததில்லை.

இதெல்லாம் டெபோராவுக்குக் கேள்விஞானம்தான். மணலியில் ஓர் ஆலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் வேலை அவளுக்கு. முள் காட்டுகிற அழுத்தமும் குழாய்க்குள் இருக்கிற அழுத்தமும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் இருக்கும். அம்மாவின் கட்டைக்கு எதிரில் நின்று ஒரு புத்தகம் முழுதாகக் கேட்டதில்லை.

அடக்கம் முடிந்த வாரமே ஜெரி டப்பாக் கடைக்குப் போய் மாதிரி பார்த்துவிட்டு வந்தான். கண்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். எதையும் இழுத்தடிக்கப் பிடிக்காது.

"அம்மா கேட்டது புக்கு" என்றாள் டெபோரா.

"சரி. எந்த புக்குன்னு சொல்லு."

அம்மாவின் பையிலிருந்தவை எல்லாம் பழையவை. அட்டை போனவை, பெயர் போனவை. எல்லா வீட்டுக்கும் கொடுக்க எங்கே கிடைக்கும்?

"அக்கா, மூடியில பேரு பொறிக்க டைம் ஆவும். வர்ற ஞாயித்துக்கெழமைக்குள்ள புக்கு எதுன்னு சொல்லலைன்னா நான் டப்பாவுக்குச் சொல்லிடுவேன். வர்றவங்களை வெறுங்கையோட அனுப்ப முடியாது."

அது நியாயம்தான். டெபோரா புத்தகக் கடைக்குப் போனாள். அம்மாவுக்குப் பிடித்த புத்தகம் எது என்று தெரியாது. அம்மா எப்படித் தேர்ந்தெடுத்தாள் என்று தெரியும். அது போதும் என்று கணக்குப் போட்டாள். பரிசு வாங்கிய புத்தகங்கள், நல்ல தாள், பெரிய எழுத்து, கெட்டி அட்டை என்று மூன்று எடுத்தாள். கூடவே பின் அடித்த ஒரு மெலிந்த புத்தகத்தையும் எடுத்தாள். மங்கலான அச்சு, அட்டையில் ஒரு டேபிள் ஃபேன். இது தோற்கும் என்று பார்த்ததுமே தெரிந்தது. அதனால்தான் எடுத்தாள். எந்தச் சோதனையிலும் தோற்கும் என்று தெரிந்த ஒன்று இருக்க வேண்டும். அதுவும் தேறிவிட்டால் சோதனையில் கோளாறு.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து நேராகக் காசிமேடு போனாள். அம்மாவின் கட்டை அதே இடத்தில் காலியாக இருந்தது. ஒருவரும் நகர்த்தவில்லை. அதன்மேல் தேவப்பிரியம் தன் வெற்றிலைப் பையை வைத்திருந்தாள். அம்மாவுக்கு அடுத்த கட்டை அவளுடையது, ஆரம்பத்திலிருந்தே.

"இன்னாடி டெபோ, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? குந்து."

டெபோரா விஷயத்தைச் சொன்னாள். தேவப்பிரியம் மற்ற பெண்களையும் கூப்பிட்டாள். வேம்பு வந்தாள், இன்னும் இருவர் வந்தார்கள். டெபோரா படித்தாள். தண்ணீரைச் சேமிப்பது பற்றி ஒன்று. எல்லாக் கத்தியும் நின்றிருந்தது. கிரகங்களைப் பற்றி ஒன்று. அதற்கும் நின்றிருந்தது. மூன்றாவதற்கும் நின்றது. டெபோராவுக்குச் சந்தோஷம். ஃபேன் புத்தகத்தை எடுப்பதற்கு முன் சுற்றிப் பார்த்தாள். அப்போதுதான் கட்டைகளைப் பார்த்தாள். ஒன்றிலும் மீன் இல்லை.

தேவப்பிரியம் வெற்றிலை தெறிக்கச் சிரித்தாள்.

"அடி லூசு! தடைக்காலம்டி! போட்டு எல்லாம் கட்டிக் கெடக்குது. காத்தால நாலு ஃபைபர் போட்டு வந்துது, அதோட சரி. ஓடுனாத்தானே கத்தி நிக்கும்?"

"படிச்ச பொண்ணு, கடல்லயே பொறந்தவ" என்றாள் வேம்பு. "தடைக்காலம் தெரியலையாமே."

துறைமுகத்துக்குள் விசைப்படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வரிசையாக நின்றன. வருஷா வருஷம் சித்திரையில் மீன்பிடித் தடை வந்ததும் நிற்பவைதான். அவள் அவற்றைத் தாண்டித்தான் நடந்து வந்திருந்தாள். லோடு இல்லாத கருவி எதைக் காட்டினாலும் அது அளவு இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொல்லிக்கொடுத்த பாடம் அது. டெபோராவுக்கே சிரிப்பு வந்தது. அம்மா போனபிறகு அதுதான் முதல் சிரிப்பு.

"அப்போ லோடு குடுக்கணும்" என்றாள்.

"இன்னாது?"

"மீன் வாங்கணும் பெரிம்மா. நிறைய. வெட்ட நேரம் பிடிக்கிற மீனா பாத்து."

கேரளாவிலிருந்து ஐஸ் பெட்டியில் மீன் லாரி வரும். அடுத்த நாள் விடிகிற நேரத்தில் டெபோரா லீவு போட்டுவிட்டு ஒரு கூடை மத்தி வாங்கி வந்து பெண்களுக்குப் பிரித்துப் போட்டாள். சின்ன மீன், ஒவ்வொன்றாகச் சீவ வேண்டும்.

"இவ்ளோ மீனை இன்னாடி பண்ணப் போறே?"

"தெருவுக்குக் குடுக்கறேன். நீங்க நிறுத்தாம வெட்டுங்க. நிறுத்தணும்னு தோணுனா மட்டும் நிறுத்துங்க."

கத்திகள் ஓட ஆரம்பித்தன. டெபோரா தண்ணீர்ப் புத்தகத்தைத் திறந்தாள். முதல் பக்கம் ஓடியது. இரண்டாம் பக்கம்: 'அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.' அந்த வரியில் அவள் குரல் உடைந்தது. கனைத்துவிட்டு மறுபடி அதே வரியைப் படித்தாள். மறுபடி உடைந்தது.

எல்லாக் கத்தியும் நின்றது.

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். குடம் எடுத்துக்கொண்டு கிளம்புவதில் கத்தி நிற்க ஒன்றுமில்லை. இது புத்தகத்தின் அளவு இல்லை. வேறு எதுவோ முள்ளைப் பிடித்துத் தள்ளுகிறது.

தேவப்பிரியம் கையைக் கழுவிவிட்டு வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"நீ படிக்காத கண்ணு. உங்கம்மாவே படிச்சதில்ல. வர்றவங்களைத்தான் படிக்க வெப்பா. நீ கட்டையில குந்து."

"அம்மா கட்டையிலயா?"

"பின்னே? கத்தியும் எடு. மத்தி கெடக்குது பாரு."

டெபோரா வெற்றிலைப் பையை நகர்த்திவிட்டுக் கத்தியை எடுத்தாள். சின்ன வயசில் வீட்டில் வெட்டியதுதான். மெதுவாக வந்தது.

படிக்க ஆள் தானாக வந்தான். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஒவைஸ், டோல்கேட்டுக்குச் சவாரி ஏற்றும் வழியில் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு மீன் பார்க்க வந்தான். அவன் மகளுக்குச் சிலுவையம்மாளின் பையிலிருந்துதான் புத்தகம் போய்க்கொண்டிருந்தது.

"தோஸ்து, மத்தி ஃப்ரீ" என்றாள் தேவப்பிரியம். "ஆனா புக்கு படிக்கணும்."

"எனக்கு சவாரி குந்திகினு கீதும்மா."

"அவங்களையும் கூப்டு. காத்து வாங்கட்டும்."

ஒவைஸுக்கு ஸ்டாப் பெயர் கூவிக் கூவிப் பழகிய தொண்டை. தண்ணீர்ப் புத்தகத்தை டோல்கேட் வரை கேட்கும்படி படித்தான். கத்திகள் நிற்கவில்லை. செதில் பறந்தது.

"நல்லாத்தான் கீது" என்றாள் வேம்பு. "ஆனா என்னைப் பாத்து தண்ணிய மிச்சம் புடின்னு சொல்றான் பாரு. எங்க தெருவுக்கு லாரி வந்தாத்தான் தண்ணி. அவன் வந்து ஒரு நாள் இருக்கட்டும்."

கிரகங்கள் தேறவில்லை. அதற்கு யாரும் கோபப்படவுமில்லை. "அது பாட்டுக்கு மேல சுத்துது, நாம பாட்டுக்குக் கீழ வெட்றோம்" என்றாள் தேவப்பிரியம். மூன்றாவது ஒரு பாட்டுப் புத்தகம். தாளத்தோடு இருந்தது. கத்திகள் நிற்கவில்லை. வேகம் பிடித்தன. தாளத்துக்குத் தகுந்தபடி தலைகள் பறந்தன, கூடையில் பாதி காலி.

"இது வேலைக்கு நல்ல புக்கு" என்றாள் வேம்பு. "வூட்டுக்கு ஆவாது."

மிச்சம் இருந்தது தோற்க வேண்டிய புத்தகம். ஒவைஸ் அதைப் புரட்டிப் பார்த்தான். "இது இன்னாக்கா, வாரண்டி கார்டு மாதிரி கீது" என்றுவிட்டுப் படித்தான்.

ஓர் அறை. ஆறு பேர். ஒரு டேபிள் ஃபேன். கோடைக்காலம். ஃபேனின் கழுத்து உடைந்துபோகிறது. இனி அது சுற்றி வராது. ஒரே பக்கம்தான் பார்க்கும். அப்பா மூட்டை தூக்கிவிட்டு வந்திருக்கிறார், எனக்கு என்கிறார். அக்காவுக்குப் பரீட்சை. தாத்தாவுக்கு இருமல், ஆனாலும் வியர்க்கிறது. கைப்பிள்ளை அழுகிறது. தம்பி, ஃபேனை இழுத்து வந்தது நான்தானே என்கிறான். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அவள் இன்னும் அடுப்படியில் நிற்கிறாள்.

"அம்மாவுக்கு!" என்று கத்தினாள் வேம்பு. கத்தி காற்றில் நின்றது. "நாள் பூரா அனல்ல நின்னவளுக்குத்தான் காத்து!"

"கேக்கவே இல்லையே அவ" என்றாள் தேவப்பிரியம். அவள் கையும் நின்றிருந்தது. "கேக்காதவளுக்கு எவன் குடுப்பான்? வாயைத் தொறந்து கேக்கச் சொல்லு."

"பரீட்சைக்குப் படிக்கிற பொண்ணும்மா அது!" ஆட்டோவில் இருந்து மகளோடு இறங்கி வந்த ஓர் அம்மாள், மணலி போகிறவள், நடுவில் புகுந்தாள். "ஒரு வருஷம் போச்சுன்னா வாழ்க்கையே போச்சு."

"அப்போ மூட்டை தூக்குனவன் இன்னா, மரமா?" என்றான் ஒவைஸ். "நான் ஆட்டோ ஓட்டிட்டு வூட்டுக்குப் போறேன், எனக்கு வேணாமா காத்து?"

"படிடா மொதல்ல, அப்புறம்?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் டெபோரா நிமிர்ந்தாள். சொன்னது தேவப்பிரியம்தான்.

ஒவைஸ் படித்தான். 'கடைசியில் ஆறு பேரும் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார்கள். அங்கே கடல்காற்று வந்தது. கீழே அறையில் யாரும் இல்லை. ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.'

ஒவைஸ் புத்தகத்தை மூடினான்.

"அடப்பாவிங்களா, ஆஃப் பண்ணாமலா போனாங்க?" என்றாள் தேவப்பிரியம்.

அவ்வளவுதான். கடைசியாக அறையை விட்டுக் கிளம்பியது யார், ஆஃப் செய்ய வேண்டியது யார், மொட்டைமாடி இருக்கும்போது முதலிலேயே அங்கே போயிருந்தால் என்ன, மாடி இல்லாத வீட்டுக்காரர்கள் என்ன செய்வது என்று சண்டை தெருவரை போனது. அந்த மணலி அம்மாளின் மகள் புத்தகத்தை வாங்கி முதலிலிருந்து பார்த்தாள். "தம்பிதான் கடைசி, இங்க பாரு, படத்துல அவன் கால் மட்டும் தெரியுது" என்று கண்டுபிடித்தாள். எல்லாரும் படத்தைப் பார்க்கக் குனிந்தார்கள். கூடையில் பாதி மத்தி வெயிலில் கிடந்தது. ஆட்டோவில் மிச்சம் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

தோற்க வேண்டியது தேறிவிட்டது. மற்றவை எல்லாம் தோற்றுவிட்டன. டெபோரா அந்த மெலிந்த புத்தகத்தைக் கையில் எடுத்தாள். சோதனையில் கோளாறு இல்லை. தோற்கும் என்று நினைத்த அவளிடம்தான் கோளாறு.

ஆனாலும் ஒரு முறை வந்தால் அது அளவு இல்லை. மறுநாள் மறுபடி கூடை வாங்கினாள். இந்த முறை பெரம்பூரிலிருந்து வந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறிப் படித்தார்கள். கேட்டவர்கள் வேறு கட்டைக்காரிகள். கத்தி அதே இடத்தில் நின்றது. சண்டை மட்டும் வேறு. இந்த முறை தாத்தாவுக்கு ஆதரவு அதிகம். தெருவில் எல்லா வீட்டிலும் இரண்டு நாளாக மத்திக் குழம்பு. "போயும் உங்கம்மா மீனாத்தான் குடுக்கறா" என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். அதைக் கேட்டு ஜானட் சிரித்தாள், ஜெரிகூடச் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை டெபோரா அவனிடம் சொன்னாள். அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஃபேன் கதையா? அம்மா பேர்ல ஃபேன் கதையா குடுக்கப் போறே?"

"படிச்சுப் பாரு."

"எனக்கு எங்கே டைம் கீது. நீ சொன்னா சரி. ஆனா பேரு இருக்கணும் அக்கா. டப்பான்னா பேரு இருக்கும்."

அதையும் ஒப்புக்கொண்டாள். புத்தகங்கள் வந்ததும் முதல் பக்கத்தில் ஒரு சின்னத் தாள் ஒட்டினார்கள். அம்மாவின் பெயர், தேதி, கீழே 'சேர்ந்து படிக்கவும்' என்று ஒரு வரி. வேறொன்றும் எழுத டெபோராவுக்கு வரவில்லை.

முப்பதாம் நாள் பூசை காலையில் முடிந்தது. தெருவில் பந்தல் போட்டு மத்தியானச் சாப்பாடு. தேவப்பிரியம் மீன் குழம்பு வைத்திருந்தாள். வேறு யாரையும் அடுப்புப் பக்கம் விடவில்லை. புத்தகத்தை இந்த முறை சாப்பாட்டுக்கு முன்பே கொடுத்துவிட்டார்கள், வந்தவர்கள் அதைப் புரட்டினார்கள். அடியில் டப்பா இருக்கிறதா என்று சிலர் தேடினார்கள். ஒரு பெரியவர் "இதுல நான் பருப்பு போட்டு வெக்கறது எப்டிமா?" என்று கேட்டார். ஜெரி தலையைக் குனிந்துகொண்டான். டெபோரா வாளியும் கரண்டியுமாக வரிசையில் குழம்பு ஊற்றிக்கொண்டு போனாள். அழவில்லை. வேலை இருந்தது.

பந்தலின் கடைசியில் ஜானட் தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு புத்தகத்தைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஜெரி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கேட்காத மாதிரி இருந்தான். மொட்டைமாடி வந்தது. கடல்காற்று வந்தது. ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"அந்தப் பையனை நாலு சாத்தணும்" என்றான் ஜெரி.

"எதுக்கு?" என்றாள் ஜானட்.

"ஆஃப் பண்ணாம போறான் பாரு."

"நீ பண்ணுவியாக்கும். நேத்து பாத்ரூம் லைட்டு யாரு போட்டுட்டுப் போனது?"

"அது வேற. இவன் வீட்டுல இருக்கறதே ஒரு ஃபேனு..."

"அம்மாதானே ஆஃப் பண்ணணும், அவதான் வூட்டைப் பாத்துக்கறவ" என்றார் பருப்புப் பெரியவர்.

"ஏன், அவளுக்கு மட்டும்தான் கை கீதா?" என்று எதிர்வரிசையிலிருந்து வேம்பு எழுந்தே விட்டாள். சோற்றுக் கையோடு. பிள்ளைகள் படத்தில் தம்பியின் காலைத் தேடத் தொடங்கினார்கள். இலைக்கு இலை புத்தகம் திறந்தது. யார் எந்த வீடு என்று இல்லாமல் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஜெரி சாப்பாட்டை விட்டுவிட்டு ஃபேனின் கழுத்தை எப்படிச் சரிசெய்வது என்று பெரியவருக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.

"யக்கா."

யாரோ கூப்பிட்டார்கள். டெபோரா திரும்பினாள். ஒவைஸ் இலையைக் காட்டினான்.

"குழம்பு, யக்கா. எவ்ளோ நேரமா கரண்டிய அப்டியே தூக்கிகினு நிக்கிறே?"